சீனி வருத்தமும் சிறுநீரகமும்



மலைநாட்டில் பொழுது புலர்வது தேநீரோடுதான். லயத்து அடுப்பில் தண்ணீர் கொதிக்கின்றது, தூள் இடப்படுகின்றது, வடியில் ஊற்றியதும் சாயம் கோப்பைக்கு இறங்குகின்றது, சக்கை மேலே தங்கிவிடுகின்றது. ஒருநாள் அந்த வடியின் கண்ணி அறுந்துபோனால், சக்கையும் சாயத்தோடு கோப்பைக்குள் விழும். அதைக் கண்ணாற் கண்டு, வேறு வடி வாங்கிவிடலாம். நம் உடலிலும் இத்தகைய வடிகள் இருக்கின்றன. அவற்றின் கண்ணி அறுவதை நாம் காண்பதில்லை, வலியும் இல்லை, அறுந்தபின் கடையில் வாங்கவும் முடியாது. அந்த வடிகளே சிறுநீரகங்கள். ஊர் வழக்கில் குண்டிக்காய் என்கிறோம். அவற்றை ஓசையின்றி அறுப்பவற்றுள் முதன்மையானது, நம்மவர் சீனி வருத்தம் என்று கூறும் நீரிழிவு. அது எவ்வாறு அறுக்கின்றது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுவோம். சிறுநீரில் இனிப்பு வருவதால், இந்நோய் சிறுநீரகத்திற் பிறப்பது என்று எண்ணுவோர் உளர். பண்டை மருத்துவர்கள் எறும்பு மொய்க்கும் சிறுநீரைக் கண்டு, இந்நோய்க்கு மதுமேகம் என்று பெயரிட்டனர். அச்சிறுநீரில் இருப்பது சீனியே என்பதை 1776 ஆம் ஆண்டில் மத்தேயு டொப்சன் என்னும் ஆங்கில மருத்துவர் சோதித்துக் காட்டினார். ஆயினும் நோயின் பிறப்பிடம் சிறுநீரகம் அன்று. வயிற்றின் பின்புறத்தே உள்ள சதையி, அதாவது கணையம், இன்சுலின் என்னும் நீரைச் சுரக்கின்றது. அந்த இன்சுலின் குறைந்தாலும், அதன் சொல்லை உடல் கேளாவிட்டாலும், சீனி இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றது. அளவு மீறியபோது சிறுநீரில் வழிகின்றது. ஆகவே இந்நோயில் சிறுநீரகம் குற்றவாளி அன்று; குற்றத்தின் சுமையைத் தாங்கும் உறுப்பு.

அந்த உறுப்பின் அமைப்பைச் சற்றே அறிந்துகொள்ளுதல் வேண்டும். கைமுட்டி அளவான இரண்டு சிறுநீரகங்கள் முதுகெலும்பின் இருபுறத்தும் அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் உண்டு. மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் சுருண்டு ஒரு முடிச்சாகி நிற்பதே ஒரு வடி. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இம்முடிச்சுகளுக்கே செல்கின்றது. நாளொன்றுக்கு 180 லீற்றர் நீர் அவற்றினூடே வடிகின்றது. அவ்வளவும் வெளியேறுமாயின் நாம் ஒரு நாளும் உயிர்வாழ முடியாது. முடிச்சுக்குப் பின்னுள்ள நீண்ட குழல், வேண்டிய நீரையும் உப்பையும் சீனியையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றது. கழிவோடு வெளியேறுவது ஒன்றரை லீற்றர் அளவே. இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதம் பெரிய பொருளாகையால், நலமான வடியில் மேலேயே தங்கிவிடும். அது சிறுநீரில் வருமாயின் கண்ணி பழுதுபட்டது என்று பொருள்.

இனி, சீனி எவ்வாறு இந்த வடியைக் கெடுக்கின்றது?

முதற்படி அழுத்தம். நம் லயத்துப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வரும் குழாயை அகலத் திறந்து, வெளியேறும் வாயைக் கையால் நெருக்கினால், நடுவிலுள்ள குழாய் விம்மும். ஒவ்வொரு வடிமுடிச்சுக்கும் இரத்தம் வரும் குழாய் ஒன்று, போகும் குழாய் ஒன்று. வடியின் கீழ்க் குழலில், எவ்வளவு உப்பு இறங்குகின்றது என்று பார்த்திருக்கும் காவல் அணுக்கள் உள்ளன. இரத்தத்தில் சீனி மிகும்போது, குழல் அந்தச் சீனியைத் திரும்ப உறிஞ்சுவதில் முனைகின்றது. சீனியோடு உப்பும் உறிஞ்சப்படுகின்றது. கீழே காவலிருக்கும் அணுக்களுக்கு உப்புக் குறைவாகவே வந்து சேருகின்றது. அவை, வடிப்பு குறைந்துவிட்டது என்று ஏமாந்து, வரும் குழாயை அகலத் திறக்கச் சொல்கின்றன. போகும் குழாயோ நெருங்குகின்றது. முடிச்சுக்குள் அழுத்தம் ஏறுகின்றது. இக்காலத்தில் சிறுநீரகம் வழக்கத்தினும் மிகுதியாக வேலை செய்யும். பார்ப்பவர்க்கு அது நலம் போலத் தோன்றும். உண்மையில் அழிவின் தொடக்கம் அதுவே.

இரண்டாம் படி, கண்ணி தடித்தல். மிகுந்த சீனி, உடலின் புரதங்களோடு ஒட்டி அவற்றின் இயல்பை மாற்றுகின்றது. வடியின் மென்படலம் தடிக்கின்றது. குழாய்களுக்கு இடையே தேவையற்ற பசைப்பொருள் சேருகின்றது. வடியை வெளிப்புறத்தே விரல்கள் கோத்தாற்போலப் பற்றியிருக்கும் உயிரணுக்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. அவ்வணுக்கள் உதிர்ந்தால், அவற்றின் இடத்தில் புதியன முளைப்பது மிக அரிது. கோத்த விரல்கள் பிரிந்த இடத்தில் அல்புமின் கசியத் தொடங்குகின்றது.

மூன்றாம் படி தழும்பு. கெட்ட முடிச்சு இறுகித் தழும்பாகின்றது. அதன் வேலை பக்கத்து முடிச்சுகளின் மேல் விழுகின்றது. ஒரு மலையில் இருபது பேர் எடுக்க வேண்டிய கொழுந்தைப் பத்துப் பேர் எடுக்க நேர்ந்தால், அந்தப் பத்துப் பேரும் முதுகொடிந்து, நாளடைவில் அவர்களும் விழுவார்கள் அல்லவா? எஞ்சிய வடிகளுக்கும் இதே கதிதான். அதனாலேதான் ஓரளவுக்குமேற் சென்றபின் அழிவு தானே விரைகின்றது.

தழும்பேறிய இம்முடிச்சுகளை நுண்காட்டியில் கண்டு, நீரிழிவுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் உள்ள தொடர்பை 1936 இல் விளக்கியவர்கள் கிம்மெல்ஸ்டீல், வில்சன் என்னும் இருவர். அவர்கள் கண்டவை இறந்தோரின் சிறுநீரகங்கள். உயிரோடிருப்போரிடம் அந்தக் கேட்டை முன்னறிவது எவ்வாறு என்பதே அடுத்த வினாவாயிற்று. 1960களில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஹாரி கீன் முதலியோர், பழைய சோதனைகளுக்கு அகப்படாத மிகச் சிறிய அளவு அல்புமினையும் சிறுநீரில் அளக்கும் வழியை வகுத்தனர். அச்சிறு கசிவு உள்ளவர்களே பின்னாளில் சிறுநீரகம் கெடும் ஆபத்து மிகுந்தவர்கள் என்பது 1980களில் தெளிவாயிற்று. மருத்துவ உலகம் இதனாற் பெற்றது, பல ஆண்டுகளுக்கு முன்னரே ஒலிக்கும் ஓர் எச்சரிக்கை மணி.

அந்த மணியைக் கேளாமல், உடல் தரும் அறிகுறிக்காகக் காத்திருப்பதே நம்மிற் பலர் செய்யும் பிழை. சிறுநீரகத்தின் ஆற்றல் ஏறத்தாழ பாதி குன்றும் வரையில், இரத்தத்தில் பார்க்கும் கிரியற்றினின் என்னும் கழிவின் அளவுகூட இயல்பானது போலத் தோன்றலாம். சிறுநீர் நுரைத்து நுரை அடங்காமல் நிற்றல், காலிலும் முகத்திலும் வீக்கம், பசியின்மை, குமட்டல், மூச்சு முட்டல் ஆகியவை வரும்போது, பெரும்பாலும் வடிகளிற் பெரும்பகுதி போயிருக்கும். இன்னொரு வஞ்சகமும் உண்டு. இன்சுலினைச் சிதைத்து அகற்றுவதிலும் சிறுநீரகத்துக்குப் பங்குண்டு. அது நலிந்தபின் இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கும். ஆதலால் சீனியின் அளவு தானே இறங்கலாம். ‘வருத்தம் குறைந்துவிட்டது, இனி மருந்து வேண்டாம்’ என்று நோயாளி மகிழ்வார். மகிழவேண்டிய செய்தி அன்று அது. உடனே வைத்தியரிடம் ஓடவேண்டிய செய்தி.

நேயர்களே, இவையெல்லாம் பட்டணத்தாருக்கு உரியவை, மலையேறி இறங்குவோரை இந்நோய் அணுகாது என்று சிலர் கருதக்கூடும். 2005–2006 இல் இலங்கை முழுவதும் நடந்த ஆய்வில், வயதுவந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. 2018–2019 இல் நடந்த மற்றோர் ஆய்வில் அது நூற்றுக்கு 23 பேர் அளவில் இருந்தது. இரண்டிலும் அளந்த முறை முற்றும் ஒன்றன்று. எனினும் நாடு செல்லும் திசை தெளிவு. அத்திசையிலிருந்து தோட்டங்கள் விலகி நிற்கவில்லை.

சிறுநீரக நோய் என்றதும் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளை நினைப்பவர்களும் உளர். வட மத்திய மாகாணத்து விவசாயிகளிடையே 1990களிலிருந்து கண்டறியப்பட்டுவரும் நோய் வேறு. அது நீரிழிவாலோ இரத்த அழுத்தத்தாலோ வருவதன்று. அதன் காரணம் இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. ‘எங்கள் மலை ஊற்றுநீர் நல்ல நீர், எங்களுக்கு அந்த நோய் வராது’ என்று நுவரெலியாவிலும் அட்டனிலும் இருப்போர் ஆறுதல் கொள்வது பொருந்தாது. சீனியும் அழுத்தமும் நீரைப் பார்த்து வருவதில்லை.

மாறாக, தோட்டப்புறத்தில் இந்நோய்க்கு வழிவிடும் காரணங்கள் சில மிகுதியாகவே இருக்கின்றன.

முதலாவது, கருவிலேயே தொடங்குவது. சிறுநீரகத்தின் வடிகள் எல்லாம் தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றன. பிறந்தபின் எண்ணிக்கை கூடுவதில்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு வடிகளும் குறைவு. பின்னாளில் நீரிழிவும் அழுத்தமும் வரும் வாய்ப்பும் அதிகம். இலங்கையில் எடை குறைந்த பிறப்பு தோட்டப்புறத்தில் மிகுதி. 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு உட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களிலோ 32 பேர். ஆகவே கர்ப்பிணித் தாய் உண்ணும் சோறும் பருப்பும் முட்டையும் அவள் பிள்ளையின் நாற்பதாம் வயதுச் சிறுநீரகத்துக்கும் காவலாகும். வீட்டிலுள்ள ஆண்கள் இதனை மறத்தலாகாது.

இரண்டாவது, உணவு. காலையிலும் மாலையிலும் கோதுமை மா ரொட்டி, பகலிற் பெருஞ்சோறு, இடையிடையே சீனித் தேநீர். ஒருவர் நாளுக்கு ஆறு கோப்பை தேநீர் குடித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி சேர்த்தால், பன்னிரண்டு தேக்கரண்டி ஆயிற்று. ஏறத்தாழ 50 கிராம் சீனி. நம் கையாற் கிள்ளிய தேயிலைக்கு இதில் குற்றமில்லை. அதில் நாம் கரைக்கும் சீனிக்கே குற்றம். வெறுஞ்சாயத்தை உள்ளங்கைச் சீனியோடு நக்கிக் குடிப்பவரும் அளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் சம்பலும் சேர்க்கும் உப்போ, இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றது. நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேற்படலாகாது என்பது மருத்துவர் கூற்று. சீனியும் அழுத்தமும் சேர்ந்த இடத்தில் வடி இரட்டிப்பு விரைவில் அறும்.

மூன்றாவது, வலி மாத்திரை. நாள் முழுவதும் சரிவில் நின்று கொழுந்தெடுத்தவர்க்கு இடுப்பும் முழங்காலும் வலிப்பது இயல்பே. கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கி மறுநாட் பிரட்டுக்குப் போகிறார்கள். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு இரத்தம் செல்வதைக் குறைப்பன. வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்த உடம்பில், அதுவும் நீரிழிவு உள்ள உடம்பில், அவற்றின் தீங்கு மிகும். நீரிழிவுள்ளோர் வைத்தியரைக் கேளாமல் அவற்றை வாங்குதலை விட்டொழித்தல் வேண்டும்.

நான்காவது, கைவைத்தியம். தமரத்தங்காய், சிங்களத்தில் காமரங்கா எனப்படும் ஐந்து மூலைப் புளிப்புக்காய், சீனியைக் குறைக்கும் என்று சாறு பிழிந்து குடிப்போர் உளர். பிலிங்காய்ச் சாறு குடிப்பாரும் உளர். இவ்விரண்டிலும் ஒட்சலேற்று என்னும் பொருள் மிகுதி. வெறுவயிற்றில் பெருமளவு குடித்தால் அது சிறுநீரகக் குழல்களிற் படிகமாகப் படிந்து, ஓரிரு நாளிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இவ்வாறு பாதிக்கப்பட்டோரைப் பற்றி இலங்கை மருத்துவர்களே எழுதியுள்ளனர். இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது.

ஐந்தாவதும் பெரியதுமான காரணம், நாட்பேர். கிளினிக்குக்குச் சென்றால் அன்றைய பேர் போய்விடும். மலையிலிருந்து பாதைக்கு இறங்கவேண்டும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், வரிசையில் நிற்கவேண்டும். உடம்பில் ஒரு வலியும் இல்லாதபோது, பேரை விட்டு எதற்குப் போகவேண்டும் என்ற எண்ணம் எழுவது நியாயமே. அந்தக் குடும்பத்தின் வரவுசெலவை அறிந்த எவரும் அதனை எளிதிற் குறை கூறமாட்டார். ஆயினும் மறுபக்கக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சிறுநீரகம் முற்றும் செயலிழந்தால் எஞ்சியிருப்பவை இரண்டே வழிகள்: மாற்றுச் சிறுநீரகம், அல்லது இரத்தச் சுத்திகரிப்பு. பின்னது வழக்கமாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், வாழ்நாள் முழுவதும். போக்குவரத்தையும் சேர்த்தால் வாரத்திற் பாதி போயிற்று. துணைக்கு வருபவரின் பேரும் போயிற்று. ஆண்டில் ஓரிரு நாட்பேரைக் காத்துக்கொண்டவர், இறுதியில் எல்லாப் பேரையும் இழக்கின்றார். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இக்கணக்கை உணர்ந்து, பரிசோதனைக்குச் செல்வோர் கூலி இழவாதவாறு வழி செய்வது அறமும் ஆகும், ஆதாயமும் ஆகும்.

இனிச் செய்யவேண்டியவை யாவை?

நீரிழிவு உள்ளவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டு சோதனைகள் செய்தல் வேண்டும். ஒன்று, சிறுநீரில் அல்புமின், கிரியற்றினின் இரண்டையும் அளந்து ஒப்பிடுவது. ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமினுக்குக் குறைவாக இருப்பதே நலம். மற்றது, இரத்தத்தில் கிரியற்றினினை அளந்து வடிப்பின் ஆற்றலைக் கணிப்பது. சாதாரணக் காகிதப் பட்டையைச் சிறுநீரில் தோய்த்துப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்பது போதாது. தொடக்கக் கசிவு அதற்கு அகப்படாது போகலாம். நடுவயதில் வரும் நீரிழிவு, கண்டுபிடிக்கப்படும் முன்பே பல ஆண்டுகள் மறைந்திருக்கக்கூடும். ஆதலால் நோய் தெரிந்த அன்றே இச்சோதனைகளைத் தொடங்கவேண்டும். கண்ணின் பின்திரையையும் உடன் காட்டிக்கொள்ளுங்கள். சிறுகுழாய்கள் கெடும் நோய் அங்கும் இங்கும் ஒன்றே.

நோய் உண்டா என்றே அறியாதவர்களுக்காக, 2011 முதல் சுகாதார அமைச்சு ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களை நடத்தி வருகின்றது. அங்கே சீனி, இரத்த அழுத்தம், எடை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கலாம். மலைநாட்டில் நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையும், 2017 மே 12 ஆம் நாள் 150 கட்டில்களோடு புதிய கட்டடம் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையும் உள்ளன.

கசிவு கண்டுவிட்டால் அஞ்சவேண்டுமா? அஞ்சவேண்டியதில்லை, காலந்தாழ்த்தவே கூடாது. சீனியைக் கட்டுப்படுத்துவது முதல் மருந்து. இரத்த அழுத்தத்தை 130/80 அளவுக்குக் கீழே வைத்திருப்பது இரண்டாவது. மூன்றாவதாக, வடிக்குள் ஏறிய அழுத்தத்தையே இறக்கும் மாத்திரைகள் உள்ளன. பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது கப்டோபிரில் என்னும் மருந்து. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்களிடம் அது இறப்பையும் சுத்திகரிப்புக்கு ஆளாவதையும் ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது என்று 1993 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எனலாபிரில், லொசார்டன் முதலியன அதே நெறியில் வந்தவை. அவை வெளியேறும் குழாயின் நெருக்கத்தைத் தளர்த்துகின்றன. பீலியின் வாயிலிருந்து கையை எடுப்பதற்கு ஒப்பானது அது.

இன்னொரு மருந்துக் குலத்தின் கதையும் சுவையானது. ஆப்பிள் மரத்து வேர்ப்பட்டையிலிருந்து 1835 இல் புளோரிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது சிறுநீரில் சீனியை இறங்கச் செய்தது. அதன் வழித்தோன்றல்களான டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் முதலியவை, குழல் சீனியை மீண்டும் உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. உப்பும் கீழிறங்குகின்றது, ஏமாந்திருந்த காவல் அணுக்கள் உண்மையை உணர்கின்றன, வரும் குழாய் சுருங்குகின்றது, அழுத்தம் இறங்குகின்றது. இக்குலத்து மருந்தொன்று சிறுநீரகக் கேட்டின் போக்கை ஏறத்தாழ நூற்றுக்கு 30 அளவில் தணித்தது என்று 2019 இல் நிறுவப்பட்டது. எவருக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். கருவுற்றிருப்போர் அதனை முன்கூட்டியே சொல்லவேண்டும். அவர்களுக்கு இவற்றுட் பல ஆகா. வாந்தி பேதியால் உடல் வறண்ட நாட்களில் இவற்றைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதையும் கேட்டறிந்து வைத்திருத்தல் நன்று.

நேயர்களே, தழும்பேறிய வடியைத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் தொடக்கக் கசிவை நிறுத்தவும், எஞ்சிய வடிகளைப் பல்லாண்டு காக்கவும் வழி இருக்கின்றது. அதற்கு வேண்டுவது ஒரு குப்பியில் சிறிதளவு சிறுநீர், ஆண்டில் ஒரு நாள். இன்று மாலை தேநீர் வடிக்கும்போது, வீட்டில் சீனி வருத்தம் உள்ளவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சிறுநீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? விடை தெரியவில்லையாயின், வருகின்ற கிளினிக் நாளில் அவரைக் கூட்டிச் செல்லுங்கள்.